சனிக்கிரகம் யாருக்கு வேண்டும்?

ஜூன் 9, திங்கள்
நாங்குநேரிப் பள்ளிக்கூடத்தில் பழைய கணினிகளுக்கெல்லாம் புதிதாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட வேண்டுமாம். ஞானசௌந்தரி டீச்சர் மாதிரிக்கு என்னிடம் ஒரு கணினி, எதிர்க்கடை மணிராஜிடம் ஒன்று கொடுத்திருக்கிறார். யாருடையது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதோ, அவருக்கே மொத்த வேலையும். இத்தனை வருடமாக அந்தப் பள்ளிக்குக் கணினி வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். இப்போது எனக்குப் பரீட்சையா?

ஜூன் 11
என்னுடையது தயார். எழுத ஒரு மென்பொருள், கணக்குப் போட ஒன்று, அவ்வளவுதான். வேறு வேண்டுமென்றால் அப்புறம் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும். மணிராஜ் கண்டதையும் ஏற்றியிருக்கிறான் — படம் வரைய, பாட்டு அமைக்க, சதுரங்கம் ஆட, போதாததற்குக் கோள்களைக் காட்ட ஒன்று. எதற்கு என்று கேட்டேன்.

"கெடக்கட்டும் டெபோரா, யாராச்சும் தொறந்து பாப்பாங்கல்லா."

நாங்குநேரியில் சனிக்கிரகம் யாருக்கு வேண்டும்?

ஜூன் 13
பள்ளிக் கணினி அறையில் பிள்ளைகள் எல்லாம் அவன் கணினி முன்னால். என்னுடையதில் போட்டவுடனே திரை வந்துவிட்டது. வந்து என்ன? ஒருத்தி உட்கார்ந்தாள். "இதுல ஒண்ணுமே இல்லக்கா" என்று எழுந்து போய்விட்டாள். வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அறையில் இணையமே கிடையாது! எனக்கு எப்படி மறந்தது?

வேலை மணிராஜுக்கு.

ஜூன் 14
பொறாமைதான். வயிறு எரியுது. அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே —

ஜூலை 3
டீச்சர் போன். "கம்ப்யூட்டர் எல்லாம் ஊர்ந்துக்கிட்டு கெடக்கு டெபோரா. மணிராஜே ஒன்னயக் கூப்பிடச் சொல்லுதான். வேண்டாததை எடுத்துக் குடு."

சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடுதலாகப் போயிற்று.

ஜூலை 4
முதலில் கோள்களைத்தான் அழிக்கப் போனேன், ஆசை ஆசையாக. அன்றைக்கு எழுந்து போன அதே பிள்ளை, நித்யா, ஓடி வந்தாள்.

"அக்கா, அதை மட்டும் எடுத்துராதிய. சனிக்கு இன்னும் நெறைய நெலா பாக்கணும்."

கை நின்றுவிட்டது. சரி, எதை எடுக்கலாம் என்று அவளையே கேட்டேன். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். யாருமே தொடாதவற்றை அவர்களே காட்டினார்கள். பாதிக்கு மேல் போயிற்று, கணினிகள் ஓட ஆரம்பித்தன. மணிராஜ் எனக்கு டீ வாங்கி வந்தான். சர்க்கரைகூட என் அளவுக்குச் சரியாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 8
என் கடைக் கணினியிலும் அந்தக் கோள் மென்பொருளை ஏற்றினேன். சனியின் வளையம் அழகாகத்தான் இருக்கிறது. மணிராஜ் உள்ளே வந்தான். சட்டென்று மூடிவிட்டேன்.