மணலுக்குப் பிடிபடாதது

இன்று கல்லூரி விடுமுறை. காலையில் மதிலைத் தாண்டி பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. அடுத்த வீட்டுத் தறிக்கார மதினி தன் கிணற்றில் போட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்த விஷயம், நீங்கள் இறந்த பிறகு எப்படியோ வெளியே வந்துவிட்டதோ?

சங்கரன்கோவில் முழுக்க வீடு கட்டியவர் நீங்கள். மணலைப் பற்றி உங்களிடம் யாரும் வாய் திறக்க முடியாது. நம் கக்கூஸ் குழியைச் சுற்றி ஆற்றுமணலைக் கொட்டி, "இதைத் தாண்டி ஒரு எழவும் போவாது" என்றீர்கள். நுண்ணுயிரியல் நடத்துகிற நானும் தலையாட்டினேன். மதினி வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் அவர்கள் கிணற்று நீரைச் சோதித்தேன். மலக்கிருமி இருந்தது.

நீங்கள் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் மணல். ஒரே இனக் கிருமியில் இரண்டு வகை. ஒன்றின் மேல்தோலில் நீளமான சர்க்கரை இழைகள் உண்டு, மற்றதில் கிடையாது. இழை இல்லாதது மணலில் ஒட்டிக்கொண்டது. இழை உள்ளது நழுவி நீரோடு கீழே வந்துவிட்டது. கீழே வந்த நீரைத் தடவிய தட்டுகளில் மறுநாள் கிருமி வளர்ந்திருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள். "மணல் மேல குத்தமில்ல. அவன் போட்ருக்க சட்டை அப்படி" என்றீர்கள்.

"மதினிகிட்ட சொல்லிரணும்" என்றேன்.

"நான் பாத்துக்கிடுதேன்."

குழியை மூடிவிட்டு, தள்ளிப் புதுத் தொட்டி கட்டினீர்கள். அதற்குமேல் பேச்சே இல்லை. கௌரவம் பார்க்கிறீர்கள், உங்களை மீறி நான் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். உண்மையில் அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த நீரை மறுபடி சோதிக்கக்கூட எனக்குத் துணிவில்லை.

உங்கள் உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க நம் மகன் போனதும் அதே கிணற்றுக்குத்தான். மதினியே இறைத்துக் குடத்தில் ஊற்றினார். நான் தலை நிமிரவில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்று மதிலருகே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மதினி வாளியைக் கீழே வைத்தார்.

"தெரியும். அண்ணாச்சி அப்பமே சொல்லிட்டாவ. 'எங்க குழிதான் ஒங்க கிணத்தக் கெடுத்துட்டு, குடிக்காதிய'ன்னு வாசல்ல நின்னு சொன்னாவ. அன்னையிலருந்து நாங்க குடிக்கதுக்குக் குழாத்தண்ணிதான். நீங்க காலேஜுக்குப் போன பெறவு அவியளே வந்து பவுடர் போடுவாவ. இப்ப நான் போடுதேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"'அவகிட்ட சொல்லிராதிய, ஏற்கனவே ஒருதடவ அவ முன்னால தோத்தாச்சு'ன்னு சிரிச்சாவ." பிறகு வாளியை எடுத்துக்கொண்டே, "நீங்களும் ஒருநா வந்து சொல்லுவியன்னு இருந்தேன்" என்றார்.

இத்தனை நாளும் மனதுக்குள் உங்களைத்தான் கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம், நீங்கள் இல்லை. மதினியின் முகத்தைத்தான் நான் தினமும் மதிலுக்கு மேலே பார்க்க வேண்டும்.