பத்தொன்பதாம் தேதிக் குறிப்பு

கான்சாஸ், ஆற்றங்கரைக் கோட்டை
1857 அக்டோபர் 3

என் பிரியமுள்ள ஆம்ப்ரோஸுக்கு லவீனியா எழுதுவது.

நானும் குழந்தையும் சுகம். அவளுக்கு இரண்டு பல் முளைத்து, தூக்குகிறவர்களையெல்லாம் கடிக்கிறாள். புதுப் பாதை அளந்து வந்ததற்காகச் செயின்ட் லூயிஸில் உங்களுக்கு விருந்துமேல் விருந்தாமே. துணி வெளுக்கும் பிரிட்ஜெட் வரைக்கும் செய்தி வந்துவிட்டது. "ஓடைக்கு உங்க வீட்டுக்காரரு பேர வச்சிட்டாங்களாமே! அதுல தண்ணி மட்டுந்தான் இல்லையாம்" என்று சிரித்தாள். மூன்று சிப்பாய்கள் தாகத்தால் செத்த இடம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தப்பி ஓடிய உங்கள் வழிகாட்டி எத்தியேனைப் பிடித்து வந்துவிட்டார்கள். வேண்டுமென்றே தண்ணீரில்லாத பக்கம் கூட்டிப்போனான் என்று நீங்கள் அறிக்கை கொடுத்தீர்களே, அதற்கு இருபத்துநான்காம் தேதி விசாரணை. தூக்குதான் என்கிறார்கள். காவல் கொட்டடியில் அவனுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். "அம்மா, ஊத்துக்கு இங்கதான் திரும்பணும்னு கெஞ்சினேன். சக்கரம் சுத்துன கணக்குப்படி இன்னும் பதினெட்டு மைல் இருக்குன்னு ஐயா என்னைக் கட்டிப்போட்டாரு. சக்கரம் என்னத்தக் கண்டுது?" என்றான்.

நான் அவனை நம்பவில்லை. பொய் சொல்லாதே என்று அதட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் நகலெடுக்க நீங்கள் அனுப்பிய பயணக் குறிப்பேடு வீட்டில்தானே இருக்கிறது? ஆகஸ்ட் பத்தொன்பது: தூரம் அளக்கும் வண்டியின் சக்கரம் உடைந்தது, தண்ணீர் வண்டியின் பெரிய சக்கரத்தை மாட்டினோம். உங்கள் கையெழுத்து. அதற்குப் பிறகும் பழைய சின்னச் சக்கரத்தின் சுற்றளவை வைத்தே மைல் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பெரிய சக்கரத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன். சரியாகப் பதினெட்டு மைல் கூடுகிறது. இன்னும் பாக்கி என்று நீங்கள் நினைத்த தூரத்தை அப்போதே கடந்திருந்தீர்கள்; அவன் திரும்பச் சொன்ன இடம்தான் சரி.

அலைச்சலில் மறந்திருப்பீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கோவேறு கழுதை உதைத்ததைக்கூட விடாமல் எழுதச் சொல்கிறவர், பத்தொன்பதாம் தேதிக் குறிப்பை மட்டும் விட்டுவிடு, நகல் முடிந்ததும் குறிப்பேட்டை அடுப்பில் போடு என்று போன கடிதத்தில் ஏன் எழுதினீர்கள்? கட்டிய கணவரைச் சந்தேகிக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சந்தேகிக்கிறேன்.

அடுப்பில் போடவில்லை. தொட்டில் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உங்கள் தாள்கள் ஏதாவது இருக்கிறதா என்று கோட்டைக் கேப்டன் இரண்டு முறை வந்து கேட்டார். நீங்கள் அனுப்பித்தான் வந்தாரோ என்று தோன்றியது. இப்படியெல்லாம் நினைக்க வைத்துவிட்டீர்களே!

பதினைந்தாம் தேதிப் படகில் ஏறினால் விசாரணைக்கு முன்பே வந்துவிடலாம். கணக்கில் தவறிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். பதவி போனால் போகட்டும், எங்காவது சோளம் விதைத்துப் பிழைத்துக்கொள்வோம். அடுப்பு விஷயத்தை ஆயுசுக்கும் கேட்க மாட்டேன். நீங்கள் வராவிட்டால் நான்தான் குறிப்பேட்டோடு போய் நிற்க வேண்டியிருக்கும். என்னை அங்கே நிற்க வைத்துவிடாதீர்கள். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்க ஆசைப்படும்,
லவீனியா