மாதிரிக்கு மாட்டிய சான்றிதழ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முட்டி மட்டும் நலமில்லை, அது எப்போது நலமாக இருந்தது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று போட்டுக்கொண்டு, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், மூன்று வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதே உறைக்குள் இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு தாளும் ஒரு கடிதமும் இருக்கும். அதை இப்போதே பிரிக்காதே, முதலில் இதைப் படித்து முடி.

கடை எப்போதும் போலத்தான். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு என்ன குறை, ஊரில் யாருக்கும் வேலை கிடைக்காத வரைக்கும் எனக்கு வேலை உண்டு. போன வாரம் ஏதோ அலுவலகத்தில் கதவு திறந்துவிடுகிற வேலைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம், பட்டம் கட்டாயம் என்று போட்டிருந்தார்கள். கதவு திறக்கப் பட்டமாம்! எந்தப் பக்கம் இழுப்பது எந்தப் பக்கம் தள்ளுவது என்று மூன்று வருடம் படித்துவிட்டு வர வேண்டும்போல. அதற்கு நாலு நாளாகக் கடையில் கூட்டம், எல்லாம் முதுகலை, இரட்டை முதுகலை. அத்தனை பயோடேட்டாவிலும் கடின உழைப்பாளி, அத்தனையிலும் பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. விண்ணப்பத்தின் உச்சியிலேயே கறுப்பு மையில் நிரப்பவும் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, புத்தகம் வாசிக்கிற மகராசன் அதை வாசிக்காமல் நீலத்தில் நிரப்பிக்கொண்டு வந்து, அக்கா இதக் கறுப்பாக்க முடியுமா என்று என்னிடம் கேட்கிறான். இன்னொருவன் பொறியியல் படித்தவன், சரக்கு வண்டி ஓட்டப் போகிறான், ஸ்கூல் சர்டிபிகேட் மட்டும் எடுங்கக்கா, டிகிரியப் பாத்தா நிலைக்க மாட்டேன்னு தள்ளிடறாங்க என்று சொல்லிவிட்டுப் பட்டத்தைச் சட்டைக்குள் ஒளிக்கிறான். படித்ததை மறைக்க ஒருவன், படிக்காததைக் காட்ட ஒருவன், இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே ரேட்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே உன் மாமா வந்தான். கூடப்பிறந்தவன் என்று பார்க்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஷட்டரை இழுத்திருப்பேன். அவன் பையன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுச் செல்போன் உறை விற்கிறானே, அதில் நன்றாக வருகிறதாம். படிப்பெல்லாம் வேஸ்ட்டுக்கா, எம் பையன் ஒரு மாசத்துல பாக்கறத உம் பொண்ணு அங்க மூணு மாசத்துல பாப்பாளா என்று நாலு வாடிக்கையாளர் முன்னால் கேட்டான். கேட்டுவிட்டு எதற்கு வந்தான் தெரியுமா, பையனுக்குப் பெண் பார்க்க ஜாதகமில்லாமல் வெறும் விவரத்தாள் ஒன்று அடிக்க. அதில் படிப்பு என்கிற இடத்தில் மேலாண்மை என்று போடச் சொன்னான். மருமகள் கட்டாயம் பட்டதாரியாக இருக்க வேண்டுமாம், ஆனால் வேலைக்குப் போகக் கூடாதாம். படிப்பு வேஸ்ட் என்கிறவன் வீட்டில் அதை அலமாரியில் பூட்டிவைக்க ஒரு பெண் வேண்டும். அவன் உன் வேலையைப் பற்றித் துருவியபோது நான் சோதனைக்கூடம் என்று சொல்லிவிட்டேன். கிடங்கில் நின்றுகொண்டு பெட்டிமேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறாய் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேதியியல் முதுகலை, வகுப்பில் இரண்டாவது, இரண்டு வருடமாக ஸ்டிக்கர் ஒட்டுகிறது. ஒட்டுவதுதான் வேலை என்றால் என் கடையிலேயே இருந்திருக்கலாமே, சூடாகச் சாப்பிட்டாவது இருப்பாய். உன்னைக் கிடங்கில் நிற்க வைத்துவிட்டு, உன் சான்றிதழ் எங்க நாட்டுல செல்லுமான்னு பாக்கணும் என்று இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார்களே, அவர்கள் கண்ணில் என்ன பூ விழுந்திருக்கிறதோ.

சரி, சுற்றி வளைத்தது போதும். தண்ணீர் பரிசோதிக்கிற கூடத்தில் உன்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், அசல் சான்றிதழின் பின்பக்கம் பல்கலைக்கழக முத்திரையோடு இருபத்தைந்தாம் தேதிக்குள் வேண்டும் என்று நீ சொன்ன அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு எதிரே போனேன். முத்திரைக் கவுண்டரில் அதே ஆள்தான், நீயும் உன் சிநேகிதிகளும் சீல் டாக்டர் என்று பெயர் வைத்தீர்களே, அவன்தான். எறும்பைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்து, நானூறு பக்கத்தை என் கடையில் ஐந்து செட் எடுத்துக்கொண்டு போனவன். டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு மைப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவன் பதினோரு வருடமாக எழுந்திருக்கவில்லை. எறும்பாவது இதற்குள் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நானே கடையில் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் உன் சான்றிதழைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டிவிட்டு, பிளாஸ்டிக் மேல சீல் நிக்காதும்மா, பிரிச்சு எடுத்துட்டு வாங்க என்று தள்ளிவிட்டான்.

உனக்குத் தெரியும், கடைக் கண்ணாடியில் என் கையெழுத்திலேயே அசல் சான்றிதழ்கள் லேமினேட் செய்யப்பட மாட்டாது என்று ஒட்டியிருக்கும். விவரம் தெரியாமல் கொண்டுவருகிற எத்தனை பேரைத் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அறிவிப்புக்கு ஒரு முழம் மேலே உன் சான்றிதழ், இருப்பதிலேயே கனமான ஷீட்டில் லேமினேட் செய்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாதிரிக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்ப அது என்னக்கா என்று கேட்டவர்களிடம், அது வேற, அது எம் பொண்ணோடது என்பேன். அப்பா அன்றைக்கே வேண்டாம் என்றார், மூன்று தடவை சொன்னார். கூரை ஒழுகும், பூச்சி அரிக்கும் என்று அவர் வாயை அடைத்தேன். உண்மை அதுவல்ல. நம் வீட்டில் ஒருவருக்கும் இல்லாத ஒரு தாள், அதை எதிர்வரிசைக் கடைக்காரன் முதல் உன் மாமா வரை எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் மாட்டினேன்.

பிரித்துக் கொடுப்பது எனக்குப் பெரிய வேலையா என்று நினைத்தேன். பதினெட்டு வருடம் லேமினேட் செய்தவளுக்கு உரிக்கத் தெரியாதா. மெல்லிய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினேன். ஓரம் அழகாக வந்தது. நடுவுக்கு வந்தபோது துணைவேந்தர் கையெழுத்து பிளாஸ்டிக்கோடு போய்விட்டது, கூடவே உன் பெயரில் பாதியும் போயிற்று. உன்னிடம் ஆபீஸில் இழுத்தடிக்கிறார்கள் என்று சொன்னேனே, யாரும் இழுத்தடிக்கவில்லை. நீ போனில் அந்த ஆபீஸைத் திட்டியபோதெல்லாம் நானும் சேர்ந்து திட்டினேன், உன்னைவிடச் சத்தமாகத் திட்டினேன். ஊரில் உள்ள முட்டாள்களையெல்லாம் ஒவ்வொருவராக எண்ணிச் சிரிக்கிறவளுக்கு அந்த மூன்று வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கிழிந்த தாளையும் உரிந்த பிளாஸ்டிக்கையும் ஒரு ஃபைலில் போட்டு என் பை பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

போனேன். தொலைந்துபோச்சு என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். கவுண்டரில் அதே சீல் டாக்டர்தான், தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே ஃபைலை நீட்டிவிட்டேன், அவர் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. தொலஞ்சதுன்னா போலீஸ் ரிப்போர்ட்டு, விளம்பரம், ஆறு மாசம் ஆகும், பொண்ணுக்கு எப்ப வேணும் என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். சாப்பாட்டு நேரம், எல்லோரும் எழுந்து போனார்கள், அவர் போகவில்லை. தூசி பிடித்த விதிப்புத்தகம் ஒன்றை எடுத்து முக்கால் மணி நேரம் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். சேதமான சான்றிதழை ஒப்படைத்துவிட்டு, சேதப்படுத்தியவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் ஏழு நாளில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எறும்பின் பின்னால் ஐந்து வருடம் போனவர்தான் அதைக் கண்டுபிடித்தார். நான் அவரைப் பற்றிக் கடையில் சொன்னதெல்லாம் அவர் காதுக்கு எட்டியிருக்கும், எட்டாமல் இருக்குமா. இந்த வேலைக்கு இத்தனை படித்தவரை உட்கார வைத்தவர்களை இன்னும் கேவலமாகத்தான் நினைக்கிறேன், ஆனால் இனிமேல் அவரை வைத்துச் சிரிக்க மாட்டேன்.

அந்தப் படிவத்தில் சேதப்படுத்தியவர் பெயர், தொழில், கல்வித் தகுதி என்று மூன்று கட்டம். ஆயிரம் பேருக்கு நிரப்பிக் கொடுத்தவள், என்னுடையதை நிரப்பியது இதுதான் முதல் தடவை. தொழில் லேமினேஷன், கல்வி எட்டாம் வகுப்பு என்று எழுதினேன். கறுப்பு மையில்தான் எழுதினேன்.

இப்போது அட்டையைப் பிரி. புதுத் தாளில் உன் பெயர் முழுதாக இருக்கிறது, பின்னால் முத்திரை இருக்கிறது, மேல் ஓரத்தில் சிவப்பில் மாற்றுப் பிரதி என்று இருக்கும். அதை அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. அசலுக்குச் சமம் என்று சீல் டாக்டர் ஒரு கடிதம் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார், கூட இருப்பது அதுதான். தபாலில் அனுப்பாதே, நேரில் கொண்டுபோ. பல்கலைக்கழகத்தில் தாமதம் என்று நீ அவர்களுக்கு எழுதியது என் பொய், அதையும் திருத்திச் சொல்லிவிடு, எங்கம்மா கெடுத்துட்டாங்க என்று சொல், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுத் திட்டு, பிறகு திட்டலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளாதே.

கடையில் ஆணி மட்டும் இருக்கிறது. சர்டிபிகேட் எங்கக்கா என்று கேட்கிறவர்களிடம் இரண்டு நாள் கதை சொன்னேன், இப்போது உள்ளதைச் சொல்கிறேன். இந்தப் புதுத் தாளை உறையில் போடுவதற்கு முன்னால் லேமினேஷன் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மெஷின் சூடாக இருந்தது. அணைத்துவிட்டு வந்துதான் உறையை ஒட்டினேன்.

நீ நினைத்த வேலை உனக்குக் கிடைக்கட்டும், ஸ்டிக்கர் ஒட்டிய கை சோதனைக் குழாயைப் பிடிக்கட்டும், உடம்பும் மனமும் நன்றாக இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இந்தத் தாளை யாராவது லேமினேட் பண்ணித் தருகிறேன் என்று கேட்டால், அது நானே வந்து கேட்டாலும், கொடுக்காதே.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு படித்த உன் அம்மா