நீலக் கொடுவேலியின் முதல் கொத்து

ஆகஸ்ட் 18, திங்கள்
காலையில் தூறல், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். கிணற்றடி நீலக் கொடுவேலியில் மொட்டு! ஒரு முழுக் கொத்து!! பதினாறு மாதம் வெறும் இலை. தப்பு என்னுடையதுதான், கோழிவளத்தை உரமாக அள்ளிக் கொட்டினேன். ‘ஆப்பிரிக்கச் செடி, வெயில் போதும், செல்லம் வேண்டாம்’ என்று நர்சரிக்காரர் அன்றே சொன்னார். யார் கேட்டது? ஜூனில் வளத்தை நிறுத்திப் பாதிக்கு வெட்டிவிட்டேன். இப்போது புதுக்கிளை நுனியில் மொட்டு.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். “பூத்தா பால் வருமா?” என்றார்.

ஆகஸ்ட் 19
கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். ரேஷன்.
அடுத்த வீட்டுத் தங்கம் அக்கா மொட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “மக்கா, நீலக் கொடுவேலியாக்கும்! இதுக்க வேரு இருக்க வீட்டுல ஒண்ணுக்கும் கொறவு வராது. ஆத்துல விட்டா ஒழுக்க எதுத்துப் போவும்.”
“அது கதையில உள்ளதுக்கா. இது வேற செடி.”
இவர் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 21
ஐயோ. செடியின் ஒரு பக்கம் மண் கிளறிக் கிடக்கிறது. முழ நீள வேரைக் காணோம். அந்தப் பக்கக் கிளை துவண்டு தொங்குகிறது. அழுகை வந்துவிட்டது. நேரே தங்கம் அக்கா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். கள்ளி என்றும் சொல்லிவிட்டேன்.
“எனக்க பிள்ளையளுக்க மேல சத்தியம், நான் தொடல்ல.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வந்தால் இவர் முழுக்க நனைந்து நிற்கிறார், கையில் வேர். நெய்யாற்றில் விட்டுப் பார்த்தாராம்! “எதுத்தா போச்சு? ஒழுக்குல ஒரே போக்கு. பொறத்தால நீந்தில்லா பிடிச்சேன்.”
“பின்னே எதுக்குப் பிடிச்சிய?”
“நீ கேப்பல்லா.”

திட்டினேன். சிரிப்பும் வந்தது, காட்டவில்லை. வாடிய கிளையை வெட்டி, மண் மூடி, ஓலை நிழல். பிழைக்குமா?
அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு
பூத்துவிட்டது! ஒரே கொத்து, ஏழு பூ. துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை நீலம். இவர் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டார்.

பதினொரு மணிக்குத் தங்கம் அக்கா வந்தாள். “பூவப் பாக்க வந்தேன். உன்னப் பாக்க இல்ல.”
கொத்தை அப்படியே ஒடித்து அவள் கொண்டையில் வைத்தேன். பூவடியில் பசை உண்டு, ஊசி தேவைப்படவில்லை.
“ஏட்டி, கிறுக்கியா நீ! இருந்ததே ஒண்ணு!” என்றாள். ஆனால் எடுக்கவில்லை.