வெர்னா ஏன் கைதட்டினாள்

மில்வாக்கி,
அக்டோபர் 20

அன்புள்ள வெர்னா,

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. நாலு நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுப்பதில்லை. முப்பத்தோரு வருஷம் தபால்காரனாக ஊரார் கடிதங்களைச் சுமந்தவன் நான். சொந்தமாக ஒன்று எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குர்ட்டின் பாரில் நடந்தது எனக்கு இன்னும் புரியவில்லை. டி.வி.யில் கோப்பைக்கான பேஸ்பால் ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். நாம் ஒரு ரன் முன்னால் இருக்கிறோம். அவர்களில் இன்னும் ஒரே ஒருவன் அவுட்டானால் கோப்பை நமக்கு. க்ளெம் பொரித்த சீஸைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போட மறந்து நிற்கிறான். குர்ட் அலமாரியிலிருந்து ஓரினின் சாம்பல் பெட்டியை இறக்கித் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டான். ஜெயித்த மறுநாளே ஏரியில் கரைப்பதாக உன் புருஷனுக்கு நாம் கொடுத்த வாக்கு. மூன்று வருஷமாகக் காத்திருக்கிறோம்.

அப்போதுதான் அவர்கள் பக்கத்துப் பயல் ஒருவன் மட்டையைச் சுழற்றினான். பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அவர்களில் இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள், இரண்டு ரன். ஆட்டம் முடிந்தது.

பார் முழுக்க இழவு வீடு மாதிரி அமைதி. அதில் ஒரே ஒரு ஆள் கைதட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தால் நீ.

"வெர்னா, உனக்கென்ன கிறுக்கா? தோத்தது நாம!" என்று கத்தி, உன் தொப்பியைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அது தப்பு. மன்னித்துவிடு. ஆனால் ஏன் கைதட்டினாய்?

உன் நண்பன்,
டெல்பர்ட்


அக்டோபர் 26

அன்புள்ள டெல்பர்ட்,

தொப்பிக்காக வருத்தப்படாதே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் தொடங்கிவிட்டது, மாடிப்படியில் பார்த்து ஏறு.

ஏன் கைதட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை நீ நம்ப வேண்டும். கை தானாகத் தட்டியது. நீ கத்திய பிறகுதான் அது என் கை என்று உறைத்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தயவுசெய்து கொஞ்ச நாள் கேட்காதே.

வெர்னா


நவம்பர் 1

அன்புள்ள வெர்னா,

கேட்காதே என்கிறாய். எப்படிக் கேட்காமல் இருப்பேன்? பாரில் தினமும் இதே பேச்சுதான். "மூணு பீர் உள்ளே போனா யாரு எந்த டீம்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்கிறான் க்ளெம். நீ அன்றைக்குக் குடித்தது எலுமிச்சை சோடா, எனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி நாடீன், "ஸ்கோரைத் தப்பாப் பார்த்திருப்பா, பாவம்" என்கிறாள். ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறவள் நீ. உனக்கா ஸ்கோர் தப்பும்?

ராத்திரி படுத்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எங்கள்மேல் ஏதாவது கோபமா? நாங்கள் தோற்றதில் உனக்குச் சந்தோஷமா? ஓரினுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் பெட்டி முன்னால் ஒரு கிளாஸ் பீர் வைக்காமல் டி.வி.யைப் போட்டதில்லையே.

எதுவானாலும் நேராகத் திட்டிவிடு. இந்தக் குழப்பம்தான் தாங்கவில்லை.

டெல்பர்ட்


நவம்பர் 9

அன்புள்ள டெல்பர்ட்,

உங்கள்மேல் கோபமில்லை. இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஓரின் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நம்ம பசங்க கோப்பையைத் தூக்குற வரைக்கும் என்னை எங்கேயும் கொண்டுபோகாதீங்க. குர்ட் கடையிலேயே குந்திக்கிறேன்." நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அவனும் சிரித்தான். அவன் விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த நாள் அவனுக்குப் பேச்சில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குர்ட் பெட்டியை இறக்கித் துடைத்தபோது, நாளைக்கு அவன் இருக்க மாட்டான் என்று தோன்றியது. பந்து மேலே போனதும், சரி, இன்னும் ஒரு வருஷம் இருப்பான் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அதற்குத்தான் கைதட்டியிருக்கிறேன்.

அது புரிந்ததும் பயம் வந்துவிட்டது, டெல்பர்ட். இனிமேல் ஒவ்வொரு வருஷமும் நம் அணி தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பேனா? அவன் உயிரையே வைத்திருந்த அணி தோற்கட்டும் என்று?

நேற்றுக் காலை பார் திறப்பதற்கு முன்னால் போனேன். குர்ட்டிடம், "அவனைக் கொடு" என்றேன். "டெல்பர்ட்டைக் கூப்பிடட்டுமா?" என்றான். "வேண்டாம்" என்றேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏரிக்குப் போனேன். கரைத்துவிட்டேன்.

உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன். அதனால்தான் கூப்பிடவில்லை. செய்தது சரியா என்று தெரியவில்லை. நாம் அவனுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன். அது மட்டும் தெரிகிறது.

வெர்னா


நவம்பர் 14

வெர்னா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பாருக்குப் போய்விட்டேன். அலமாரியில் அந்த இடம் மட்டும் காலி. அதைச் சுற்றித் தூசி, நடுவில் சதுரமாகப் பளபளப்பு. "எங்கடா ஓரின்?" என்று க்ளெம் குர்ட்டின் சட்டையைப் பிடித்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் உன்னைத் திருடி என்றான். நான் அவனைத் தடுக்கவில்லை. உனக்காகப் பேசவும் இல்லை. பிறகு வீட்டுக்கு வந்தேன், உன் கடிதம் கிடந்தது.

எனக்குக் கோபம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஏழு வயதில் நானும் அவனும் ஒரே மட்டையில் விளையாட ஆரம்பித்தோம். உனக்குப் புருஷன் ஆவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே எனக்கு அவன் சிநேகிதன். பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் நான் இருந்திருக்க வேண்டும். சும்மா, வாயைத் திறக்காமல்கூட.

நாலு முறை இந்தக் கடிதத்தைக் கிழித்தேன். கோபமாக எழுதினால் அவ்வளவு கோபமில்லை என்று தோன்றுகிறது. மன்னித்தேன் என்று எழுதினால் அது பொய்யாகப் படுகிறது. ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கும்போது நீ வருவாயா, வந்தால் உன்னை எந்த முகத்தோடு பார்ப்பேன், ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று சொல். தண்ணீர் ரொம்பக் குளிராக இருந்ததா?

டெல்பர்ட்