நுனி பிரிந்த பிரஷ்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் கை முழுக்க வெள்ளைப் பெயின்ட், நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. ஏண்டா, நான் கேட்டது என்ன, நீ வாங்கியது என்ன? கூர்நுனியுள்ள இரண்டாம் நம்பர் பிரஷ் ஒன்றே ஒன்று கேட்டேன். நீ கண்ணிமை முடி மாதிரி பத்து அனுப்பியிருக்கிறாய். மாதிரிக் கப்பல் சின்னது, பிரஷும் சின்னதாக இருக்கட்டும் என்று நினைத்தாயாக்கும். அதில் இருப்பதே நாலு முடி, தொட்ட பெயின்ட் கப்பலுக்குப் போவதற்குள் காய்ந்துவிடுகிறது. முடிக்கற்றை நடுவில் வயிறு மாதிரிப் பருத்திருந்தால்தான் பெயின்ட் தங்கும், நுனி கூராக இருந்தால் கோடு தானாக மெலியும். இனி வாங்கும்போது தண்ணீரில் நனைத்து ஓர் உதறு உதறிப் பார், முடியெல்லாம் ஒரே நுனியாகக் கூட வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

என் பழைய பிரஷோ நுனி பிரிந்து துடைப்பமாகிவிட்டது. உன் அப்பாதான் எதையோ துடைத்திருப்பார், கேட்டால் உன் கப்பலும் வேண்டாம் பிரஷும் வேண்டாம், ஆளை விடு என்கிறார். அதை வைத்துக் கப்பலின் கைப்பிடிக் கம்பிக்கு வெள்ளை அடித்தால் தளமெல்லாம் வெள்ளை. இரண்டு முறை சுரண்டியாயிற்று. சனிக்கிழமை கப்பல் போக வேண்டும், இது சரியாக வந்தால்தான் அடுத்த இரண்டு கப்பலும் நமக்கு என்று பூசக் கொடுத்த பட்டறைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வருகிறது.

அண்ணா, இனி நான் எழுதுவது. அம்மா கை கழுவப் போயிருக்கிறாள். அப்பா பாவம், தொடவே இல்லை. நான்தான் பெயின்ட் கழுவும் தின்னர் டப்பாவில் பிரஷைத் தலைகீழாக நிறுத்திவிட்டு மறந்துபோனேன். ஞாயிறு பூராவும் முடி அடியில் மடிந்து கிடந்திருக்கிறது. சோப்புப் போட்டு நீவி நீவிப் பார்த்தேன், நிமிரவில்லை. படிப்பை விட்டு அம்மாவுக்கு உதவ வந்தவள் செய்த உதவி இது. சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிட்டேன்.

அம்மா திரும்பி வந்ததும் தாளை அப்படியே அவளிடம் நீட்டினேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கண்ணிமைப் பிரஷில் ஒன்றை என் கையில் கொடுத்து, கம்பி நூற்று நாற்பது இருக்கிறது, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தொடு, நீயே பூசு என்றாள். அதற்கு முன்னால் அப்பாவிடம் நீயே போய்ச் சொல் என்றாள்.

அம்மா உனக்கு ஆசி சொன்னாள், இரண்டாம் நம்பரை மறக்க வேண்டாமாம். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். போகிறேன்.

அம்மாவுக்காக,
உன் தங்கை