அக்காகிட்ட கேக்கணும்

மார்ச் 3
பொம்மு, போனில் நீ சொன்ன இடத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். திருப்திதானே?

நீ போனதிலிருந்து இந்த ஐந்து வாரமும் சலவைக் கடையில் துணியில் குத்துகிற சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் உனக்கு எழுதினேன். பிஸ்கட் டப்பா நிரம்பி மூட முடியவில்லை. எது முன்னால் எழுதியது, எது பின்னால் என்று எனக்கே தெரியவில்லை. இன்று ஒரு சீட்டு யாருடைய சட்டையோடோ போகப் பார்த்தது. துணி மடிக்கிறவள் பிடித்துக் கொடுத்தாள். படித்திருப்பாள். "உன் தங்கச்சி போன்ல ஏதோ போட்டுக் குடுத்தாளே, அதுல எழுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒற்றை விரலால் இவ்வளவு எழுத சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விட்டது.

மார்ச் 4
கமா எங்கே இருக்கிறது என்று தேடியே அலுத்துவிட்டேன். இனி கமா கிடையாது.

மார்ச் 6
இதில் தனித்தனியாகப் பிரித்து வைக்க இடம் இருக்கிறது. நீ ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறாய். வேலை. வீடு. அக்கா திட்டியவை. அந்தக் கடைசியில் பதினேழு இருக்கின்றன! "ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவளை எவன் கட்டிக்கொள்வான்." சிரித்துவிட்டேன். சத்தமாக. அப்புறம் — வேண்டாம்.

நீ எழுதினால் என் போனிலும் தெரியும் என்று அன்றைக்கே காட்டினாய். நான்தான் காது கொடுக்கவில்லை.

மார்ச் 7
எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்தது. "அக்காகிட்ட கேக்கணும்" என்று தலைப்பு. திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. மேலே சின்ன எழுத்தில் தேதி. அந்த நாள்தான். காலை 7.52.

எட்டேகாலுக்கு உன்னை லாரி இடித்தது. 7.52-க்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருப்பாய். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "அக்கா ஒண்ணு கேக்கணும்" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாயங்காலம் கேளேன். குடியா முழுகிடும்" என்றேன்.

இதை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறந்துபோகக் கூடாதென்று குறித்து வைத்தாயா?

மார்ச் 9
தப்பு பண்ணிட்டேன் பொம்மு. அந்தப் பக்கத்தைச் சும்மா தடவிப் பாத்தேன். அவ்வளவுதான். ஏதோ ஒரு எழுத்து விழுந்துடுச்சு. உடனே அழிச்சேன். ஆனா உன் தேதி போயிடுச்சு. இன்னிக்குத் தேதி வந்து உக்காந்துக்கிச்சு. நீ கடைசியா தொட்ட நேரம். அதையும் என் கையாலயே —

போன் பழுதுபார்க்கிறவரிடம் ஓடினேன். "கடைசியா யார் கை வெச்சாங்களோ அந்த நேரத்தைத்தான் காட்டும்மா. பழசு திரும்பாது" என்றார். வெறும் பக்கத்துக்கு ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 10
7.52. நல்லவேளை ஏழாம் தேதி எழுதியதில் இருக்கிறது. ஒரு சீட்டிலும் எழுதி டப்பாவில் போட்டுவிட்டேன்.

மார்ச் 12
மடிக்கிறவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் நான் சொன்னதையும். அவள் இரண்டு விரிப்பை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "சரி அவ எதைக் கேட்டிருந்தாலும் நீ என்ன சொல்லியிருப்பே?"

மார்ச் 15
அந்தப் பக்கம் இப்போது வெள்ளையாக இல்லை. பதில் எழுதியிருக்கிறேன்.

பச்சைச் சேலையை எடுத்துக்கொள். இஸ்திரி போட்டுத்தான் இருக்கிறது.
குடை கதவுக்குப் பின்னால்.
நீ வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவரா? கூட்டி வா. பார்ப்போம்.
கோபமெல்லாம் இல்லை. இருந்ததும் போய்விட்டது.
சரி.
சரி என்றால் சரிதான்.

தேதி மாறினால் மாறட்டும். தினமும் ஒன்று எழுதுவேன்.

இதில் ஏதாவது ஒன்றா பொம்மு நீ கேட்க வந்தது?